வாயில் வராத நாரை

டி.வி.க்காரத் தம்பி மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். மைக்குக்குச் சாம்பல் நிறத்தில் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார்கள். அணில் ஒன்றைப் பிடித்து மூஞ்சிக்கு முன்னால் காட்டுவது மாதிரி இருந்தது.

"பாட்டிம்மா, முதல்ல பார்த்தது நீங்கதானே? இது என்ன பறவைன்னு நேயர்களுக்குச் சொல்லுங்க."

குளத்துக் கரையில் ஊரே நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தேங்காய்க் களத்து ஆட்கள், உடுமலைப்பேட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். எனக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி ரங்கநாயகி, என் கொழுந்தனார் மனைவி, பட்டுப்புடவை கட்டி, கையில் முறத்தோடு நின்றாள்.

பறவையின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம், ஏன் அந்தப் பெயர் வந்தது, வெளிநாட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதுவரை தெரியும். ஆனால் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். காற்றுதான் வந்தது.

"அக்காளுக்குத் தெரியாதுங்க. பாவம், பயந்துபோச்சு. நான் வேணா சொல்லிப்போடட்டுங்களா?" என்றாள் ரங்கநாயகி.

என்னைப் பயந்தவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அங்கே என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு முழுப் பகல் ஆகிறது. படிக்கிற உங்களுக்கும் அவசரம் இல்லையென்று வைத்துக்கொள்கிறேன்.

குளத்துக்கு ஒறம்பரை

தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஆட்டுக்குப் புல் அறுக்க விடியக் காலையில் குளத்துக் கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. சுற்றிலும் சேறு. பனி கலையவில்லை. பனிக்குள்ளே யாரோ வெள்ளை வேட்டிகளைக் காயப்போட்ட மாதிரி தெரிந்தது.

வேட்டி நடந்தது.

கொக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கொக்கு இவ்வளவு உயரமா? ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேலே வரும். கால் பார்த்தால் ரோஸ் நிறத்தில் குச்சி மாதிரி, அவ்வளவு நீளம். கழுத்து அதைவிட நீளம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகைச் சேற்றில் விட்டுத் துழாவின. குழம்புச் சட்டியின் அடியில் கறித்துண்டு கிடக்கிறதா என்று கரண்டியால் தேடுவோமே, அந்த மாதிரி.

புல்லை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். குளத்து மேட்டோரம் எங்களுக்கு ஒரு டீக்கடை உண்டு. நானும் எங்கள் வீட்டுக்காரரும் சின்ன வயதிலிருந்து தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். அவர் தேங்காய் உரித்தார், நான் நாற்று நட்டேன். கையும் காலும் போதும் என்ற பிறகு வைத்த கடை இது.

"ஏனுங்க! குளத்துக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்க!" என்றேன்.

விருந்தாளிகளை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் டம்ளரோடு கிளம்பினார்கள். அவரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கண் ஆபரேஷன் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது.

"ஏம்புள்ளே, கொக்குதானே இது? இதுக்கா இப்படிக் கத்துனே?"

"கண்ணை நல்லாத் தொறந்து பாருங்க."

"தொறக்கத்தான் டாக்டரு வேண்டாங்கறாரே!"

நெருப்பா, பூவா

பெயர் சொன்னது நிவேதா என்ற பெண். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு குளம் குளமாகப் போகிறவள். எங்கள் கடையில் சர்க்கரை இல்லாத டீ குடிப்பாள். அதற்கு எதற்கு டீ என்று நான் கேட்பதில்லை.

பறவைகளைப் பார்த்ததும் அந்தப் பெண் தன் கையால் தன் வாயையே பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாட்டி, இது பூநாரை! உப்புத்தண்ணி இருக்கிற இடமாப் பார்த்துப் போற பறவை. இங்கே எப்படி வந்துச்சுன்னே தெரியலையே!"

"பூநாரையா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். முகத்தில் ஒரு களை வந்தது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"ஆமாங்க தாத்தா. இங்கிலீஷ்ல ஃபிளமிங்கோ. ரொம்பப் பழைய வெளிநாட்டுப் பாஷையில நெருப்புங்கற வார்த்தையில இருந்து வந்த பேரு. றெக்கையை விரிச்சா தீ மாதிரிச் செவப்பா இருக்கும்."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மாவாட்டினேன். ஒரே பறவைதான். அந்த ஊர்க்காரர்கள் தலைக்கு மேலே பார்த்து நெருப்பு என்றார்கள். நம் ஆட்கள் பார்த்துப் பூ என்றார்கள். நெருப்பு என்று பெயர் வைத்தவர்கள் குளிர் தேசத்துக்காரர்களாக இருக்க வேண்டும், அடுப்பைப் பார்த்தால் அவர்களுக்கு ஆசை வரும். சித்திரை வெயிலில் தோட்ட வேலை செய்தவள் நான். எனக்கு நெருப்பின் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை. பூ என்றவர்கள்தான் எனக்குச் சொந்தக்காரர்கள்.

இன்னொன்றும் நிவேதா சொன்னாள். அந்த நிறம் பிறக்கும்போதே வருவதில்லையாம். குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்குமாம். சேற்றிலிருக்கும் பாசியும் சின்ன இறாலும் தின்னத் தின்னச் சிவப்பு ஏறுமாம்.

"திங்கற சோத்துலயா நெறம் வருது?" என்று கேட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை வருசமா நீ போட்ட சோத்துக்கு நான் ஏன் கறுத்தே போனேன்?"

"போட்டதையெல்லாம் வெயில்ல உக்காந்து தின்னா அப்படித்தானுங்க."

நிவேதா சிரித்துவிட்டு என்னிடம் கேட்டாள். "பேரு ஞாபகம் இருக்குமா பாட்டி? ஒருதடவை சொல்லுங்க பார்ப்போம்."

"நல்ல பேருதான் கண்ணு," என்றேன். "டீ ஆறுது, குடி."

ஒரு வாசகருக்குப் பதில்

பஸ்ஸில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, "வாராவாரம் பத்திரிகையில எழுதறீங்க, உங்க வீட்டுக்காரர் பேரை மட்டும் எழுத மாட்டேங்கறீங்களே?" என்று கேட்டார். இந்த வாரம் எழுதுகிறேன்.

பூவரசு.

எழுதிவிட்டேன். பூவரச மரத்தடியில் பிறந்ததால் வைத்த பெயர்.

கல்யாணமாகி வந்த அன்றே என் மாமியார் சொல்லிவிட்டார். "அம்மணி, கட்டுனவன் பேரை வாயில சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும். அந்தப் பேருல பாதிகூட வரக் கூடாது." என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எழுதுவதற்குச் சட்டம் போடாமல் விட்டுவிட்டார். பிற்பாடு நான் முதியோர் வகுப்பில் சேர்ந்தபோது சிலேட்டில் எழுதிய முதல் வார்த்தை அவர் பெயர்தான். டீச்சர், "படிங்கம்மா," என்றார். சிலேட்டைத் திருப்பிக் காட்டினேனே தவிரப் படிக்கவில்லை.

பாதிகூட வரக் கூடாது என்றால் யோசித்துப் பாருங்கள். பூ என்று சொல்ல முடியாது. கடைக்காரம்மாவிடம், "அந்த வாசத்தை ரெண்டு முழம் குடுங்க," என்பேன். பூட்டு எனக்குத் தொறப்பு. பூனை எனக்கு மியாவு. குளத்து மேட்டில் நிற்கிற பூவரச மரத்தை, "மாமா பேரு மரம்," என்று நான் சொல்லிச் சொல்லியே, ஊரில் பாதிப் பேர் அதற்கு அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரைக் கூப்பிட ஏனுங்க. கடையில், கரையில், கல்யாண வீட்டில் எங்கேயும் ஏனுங்கதான். அதில் ஒரு கஷ்டம் உண்டு. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் ஒருத்தி ஏனுங்க என்றால் எல்லா ஆம்பிளையும் திரும்புவார்கள். இவர் மட்டும் திரும்ப மாட்டார்.

"ஊருல எல்லாருந்தான் ஏனுங்க. எவன்னு திரும்பறது?" என்பார்.

மல்லிகாவின் கட்டில்

ஒருமுறை இதனால் பெரிய கூத்தாகிவிட்டது. அவருக்கு நடுவயதில் வயிற்று வலி வந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். உள்ளே படுக்கவைத்த பிறகு நர்ஸம்மா என்னிடம், "பேஷன்ட் பேரு?" என்று கேட்டார்.

நான் பேசாமல் அவர் கொண்டையைக் காட்டினேன். கொண்டையில் மல்லிகைச் சரம் இருந்தது.

"மல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் பக்கம் தலையாட்டினால் சிலருக்கு ஆமாம் போலத் தெரியும். நர்ஸம்மா வெளியூர்க்காரர். அவர் பாட்டுக்கு மல்லிகா என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பெரிய டாக்டர் பெண்கள் வார்டில் மல்லிகாவைத் தேடு தேடென்று தேடியிருக்கிறார். இவர் ஆண்கள் வார்டில், மீசையோடு, மல்லிகா என்று சீட்டு மாட்டிய கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தார்.

வலி தீர்ந்து ஊருக்கு வரும்போது பஸ்ஸில் என் காதருகில் கேட்டார். "ஏம்புள்ளே, நான் செத்துக் கித்துப் போயிருந்தாக்கூட என் பேரைச் சொல்லியிருக்க மாட்டியா?"

"நீங்க சாகக் கூடாதுன்னுதானுங்க சொல்லறதில்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்டதில்லை. ஆனால் நான் ஏனுங்க என்னும்போதெல்லாம் ஒரு நொடி பார்ப்பார். வேறு ஏதாவது சொல்வேனா என்று பார்ப்பது மாதிரி இருக்கும்.

அவர் மட்டும் பார்க்காதது

குளத்து விஷயத்துக்கு வருகிறேன். பூநாரை நிற்கும்போது ஏறக்குறைய வெள்ளைதான். றெக்கையை மடித்து வைத்திருக்கும். பறந்தால்தான் உள்ளே இருக்கிற சிவப்பு தெரியும். ஊரில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். நான் பார்த்தேன். ரங்கநாயகி பார்த்தாள். எங்கள் ஆடுகூடப் பார்த்திருக்கும்.

அவர் மட்டும் பார்க்கவில்லை. ஒருநாள் பறந்தபோது கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுப் படுத்திருந்தார். இன்னொருநாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஓடி வருவதற்குள் அவை இறங்கி, றெக்கையை மடித்து, ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றன.

"வெள்ளையா நிக்குது. இதுல எங்கே பூ இருக்குது? எம் பேரை வெச்சு ஊரை ஏமாத்துது," என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, மறுநாளிலிருந்து கடையை என்னிடம் விட்டுவிட்டுக் கரைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதிலிருந்து தேங்காய் மட்டையைத் தவிர எதையும் உற்றுப் பார்க்க நேரமில்லாத மனுசன். தன் பெயரில் வந்த பறவையை, புதுக் கண்ணால், ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"சேறு காய ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் ரெண்டொரு நாள்ல கிளம்பிடும்," என்று நிவேதா சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் டி.வி.க்காரர்கள் வந்தார்கள்.

மைக்குக்கு முன்னால்

அணில் மாதிரி மைக் என் மூஞ்சிக்கு நேராக இருந்தது. பெயரைச் சொன்னால் பாதிப் பெயர் வாயில் வந்துவிடும். சொல்லாவிட்டால் முதலில் பார்த்தவளுக்குப் பெயர் தெரியாது என்று நாடு முழுக்கத் தெரிந்துபோகும்.

"பெருசா அழகா இருக்குமுங்க... சேத்துல மேயுமுங்க..." என்று இழுத்தேன்.

"பேரு பாட்டிம்மா, பேரு?"

எங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தேன். கரையின் அக்கட்டாலே, அந்தக் கோடியில் இருக்கிற மதகுமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தார்.

நான் இழுப்பதைப் பார்த்து ரங்கநாயகிக்குப் பொறுக்கவில்லை. காரமடைக்காரி, விருந்து உபசாரத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. அந்த முறத்தில் என்ன வைத்திருந்தாள் என்கிறீர்கள்? பொரி. வெல்லம் போட்டுப் பிசைந்த பொரி.

"ஒறம்பரைக்கு வாயில ஒண்ணும் போடாம, பேரைக் கேட்டுக்கிட்டு நிக்கறதுங்களா?" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, வீசினாள். முறம் பொரியையும்.

"ஐயோ அத்தை, வேண்டாம்!" என்று நிவேதா கத்தினாள்.

பூநாரை பொரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கரையில் படுத்திருந்த நாய்கள் பார்த்தன. எல்லாம் ஒன்றாகச் சேற்றில் குதித்தன.

பூநாரைகள் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடின. ஓடி, கழுத்தை நீட்டி, எழும்பின. றெக்கை விரிந்தது. என்ன நிறம் என்று சொல்வேன்? செங்கொய்யாவை அறுத்தால் உள்ளே இருக்குமே, அதை வானத்தில் தீற்றின மாதிரி. ஓரத்தில் மட்டும் கறுப்பு. கூட்டம் முழுக்க ஓவென்று கத்தியது. எல்லோர் தலையும் மேலே போனது.

நான் மதகைப் பார்த்தேன். அந்த மனுசன் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்!

"ஏனுங்க!" என்று கத்தினேன்.

கூட்டத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டி.வி.க்காரத் தம்பிகூடப் பார்த்தார். அவர் மட்டும் திரும்பவில்லை.

"ஏனுங்க! ஏனுங்க!"

கண்ணாடியில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பறவைகள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டன. இன்னும் ஒரு சுற்றில் இறங்கிவிடும், றெக்கை மூடிவிடும். நாளை இருக்குமோ இருக்காதோ.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பூவரசுங்க! மேலே பாருங்க!"

மைக்கில் கத்தினால் கரையெல்லாம் கேட்கும் என்றுதான் பிடித்தேன். அது அப்படிக் கேட்கிற மைக் இல்லையாம், பிறகு சொன்னார்கள். ஆனால் என் தொண்டை போதுமாக இருந்தது. வெடுக்கென்று திரும்பினார். முதலில் பார்த்தது பறவையை இல்லை, என்னை. நான் கையை உயர்த்தி மேலே மேலே என்று காட்டினேன். அப்புறம்தான் அண்ணாந்தார். அவர் தலைக்கு நேர் மேலே போனது அந்தக் கூட்டம். கண்ணாடியைப் போட மறந்து, வாயைத் திறந்தபடி, அவை இறங்கி முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ரங்கநாயகியின் கையிலிருந்து காலி முறம் விழுந்தது.

"அக்கா... மாமா பேரைச் சொல்லிப்போட்டீங்க!"

"ஆமா, சொல்லிப்போட்டேன்," என்றேன். மதகு உடைந்த பிறகு தண்ணீரைக் கையால் தடுத்து என்ன செய்ய? டி.வி.க்காரத் தம்பி பக்கம் திரும்பினேன். "பேரு கேட்டீங்களே தம்பி. பூநாரைங்க. பூ. நாரை. றெக்கைக்குள்ளே பூ வெச்சிருக்குது, அதனால அந்தப் பேரு. வெளிநாட்டுல நெருப்புன்னு சொல்லறாங்களாம். அவங்க பாவம், பூவைப் பார்த்திருக்க மாட்டாங்க."

கூடினது

டி.வி.யில் பறவை வந்தது கொஞ்சம்தான். நான் மைக்கைப் பிடித்துக் கத்துவதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ரங்கநாயகி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். "என்ற முறம் நல்லாத் தெரியுதில்லீங்க்கா?" என்றாள். தெரிந்தது. பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டேன்.

பறவைகள் அந்த வாரமே கிளம்பிவிட்டன.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆயுசு விஷயம் ஆயிற்றே. அவரைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போய், படுத்திருக்கிற மாசாணியம்மனிடம், "அவசரத்துல வாயில வந்துபோச்சு தாயே, இதைக் கணக்குல சேத்தாதே," என்று கும்பிட்டேன். வெளியே வந்தால் இவர் கடையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொல்றா அம்மன்? எனக்கு எவ்வளவு கொறைச்சாளாம்?"

"கொறைக்கலைங்க."

"அப்ப இன்னொருக்கா சொல்லு."

"அதெல்லாம் ஒருக்காத்தான்."

அதிலிருந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. ஆயுசு குறையவில்லை. வாய்தான் கூடியிருக்கிறது. இப்போது கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும், ஏனுங்க என்றால் திரும்புவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்துத் தெருவில் பலகாரம் சுடுவதுகூட அவருக்குக் கேட்கும். வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு, குளத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்.

இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். டீ போட்டு வைத்து, "ஏனுங்க," என்று இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டேன். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்.

டீ ஆறட்டும். தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது, தை பிறக்கப் போகிறது. நாரை வரட்டும், பார்க்கலாம்.